நாற்பது விதை கொன்றான் பரணி

வாழ்க குளிர்காத்த கோமான்! கேஸ் உருளையைத் தோளிலும் திருப்புளியைச் சட்டைப் பையிலும் தாங்கி, மாடிப்படி தோறும் மூச்சிரைக்க ஏறி, மயங்கிக் கிடக்கும் பிரிட்ஜ்களின் முதுகுப்புறம் மண்டியிட்டு, ‘இன்னும் உயிர் இருக்கிறது’ என்று சொல்லி வீட்டாரின் வயிற்றில் பால் வார்ப்பவன். கம்ப்ரஸர் என்னும் முரசின் முனகலை வாசலில் நின்றே கேட்டு, நோய் இன்னது, மருந்து இன்னது என உரைக்க வல்லவன். ஐம்பத்திரண்டு ஆண்டு அகவையும் அதற்கேற்ற தொப்பையும் உடையவன். எதையும் கழற்றிப் பார்க்காமல் நம்பாதவன். அவன் புகழைப் பாடவே இந்நூல் எழுந்தது.

பாடத் துணிந்த அடியேனைப் பற்றியும் ஒரு சொல். மண்ணாசை கொண்ட மன்னர்களைப் பாடியவர்களுக்கு நாடும் நகரும் நால்வகைப் படையும் வாய்த்தன. எனக்கு வாய்த்ததோ மூன்றாம் மாடிப் பால்கனி ஒன்றும், மண் நிரப்பிய பிளாஸ்டிக் தட்டு ஒன்றும். யானைக்குத் தைத்த சட்டையை எறும்புக்குப் போட்டால் தொளதொளவென்று இருக்காதா என்று அவையோர் கேட்கலாம். இருக்கும், பொறுத்தருள்க. ஆயிரம் யானைகளைக் களத்தில் கொன்றவனுக்குத்தானே பரணி பாடுவது மரபு என்று சிலர் முணுமுணுக்கவும் கூடும். நம் தலைவனும் கொன்றிருக்கிறான். எண்ணிக்கைதான் கொஞ்சம் குறைவு.

போர் மூண்ட விதம் கேளுங்கள். ஊர் எல்லையில் இருந்த செடிப்பண்ணை ஒன்றில் பிரிட்ஜ் நின்றுபோனது. தலைவன் சென்று ரிலே ஒன்றை மாற்றி அதைப் பிழைக்க வைத்துவிட்டுக் கை கழுவப் போன இடத்தில், முள்ளும் தழையுமாய், ஆளுயரத்துக்கு அடர்ந்து நின்ற புதர் ஒன்றில் கருநீலப் பழங்கள் கொத்துக் கொத்தாய்த் தொங்கக் கண்டு, யாரையும் கேளாமல் ஒன்றைப் பறித்து வாயிலிட்டான். முதலில் புளித்தது. பிறகு துவர்த்தது. துப்பிவிடலாமா என்று எண்ணும்போது இனித்தது. பண்ணைக்காரி பின்னால் வந்து நின்றாள்.

“வேலிப்பழம்ண்ணே. இந்த மண்ணுக்கே சொந்தமான செடி. முன்னெல்லாம் எந்தப் பக்கம் திரும்பினாலும் இருக்கும், இப்பத் தேட வேண்டியிருக்கு. பதியம் போட்ட செடி ஒண்ணு தரேன், கொண்டுபோங்க. விதையிலேர்ந்து கொண்டுவர்றது லேசுப்பட்ட வேலை இல்ல.”

“அப்படி என்ன பெரிய வேலை?”

“மூணு மாசம் ஈர மணல்ல போட்டுக் குளிர்லயே வைக்கணும். குளிர் கூடவும் கூடாது, குறையவும் கூடாது. அப்பதான் விதை கண்ணு முழிக்கும்.”

குளிர்! யாரிடம் சொல்லும் சொல் இது! முப்பது ஆண்டுகளாகக் குளிரை உருளையில் அடைத்தும் குழாயில் ஓட்டியும் பெட்டியில் பூட்டியும் ஆண்டு வருபவனிடமா? தலைவனின் மார்பு விம்மியது, மீசை துடித்தது, சட்டையின் மூன்றாம் பொத்தான் தெறித்துவிடுமோ என்னும்படி மூச்சு நிறைந்தது. பதியச் செடியை இடக்கையால் விலக்கி, வலக்கையால் பழங்களைப் பறித்து டிபன் பாக்ஸில் நிரப்பத் தொடங்கினான். “அதுக்கப்புறம் மண்ணுல போட்டுட்டு ஆறேழு வாரம் கை வைக்காம இருக்கணும்ண்ணே, அதுதான் ரொம்ப முக்கியம்” என்று பண்ணைக்காரி சொன்னது அவன் காதில் விழவே இல்லை.

தலைவனுக்கு ஏன் இத்தனை வேகம் என்பதையும் சொல்லிவிட வேண்டும். பிரிட்ஜைத் தவிர வேறெதுவும் அவன் கையில் பிழைத்ததில்லை. ரோஜாச் செடிகள் மூன்று, மணிபிளாண்ட் ஒன்று, கற்றாழை ஒன்று என அவன் வளர்த்து மறைந்தோர் பட்டியல் நீளும். கற்றாழையைச் சாகடிப்பது எளிய காரியம் அன்று. “மாமா கை பட்டா பிளாஸ்டிக் பூவே வாடிப்போயிடும்” என்று மைத்துனன், அதாவது அவன் மனைவியின் தம்பி, வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தான். எல்லோரும் சிரிப்பார்கள், தலைவனும் சிரிப்பான். உள்ளுக்குள் மட்டும் சுருக்கென்று இருக்கும்.

இனித் தலைவியின் சிறப்பு. ஊசி ஏந்திய கையினாள், அளவுநாடா அணிந்த கழுத்தினாள், பள்ளிக்கூடச் சீருடைகளைப் பருவந்தோறும் நூற்றுக்கணக்கில் தைத்து இளைஞர் சேனைக்கு நீலக் கவசம் பூட்டுபவள். அத்தகையாள் அன்று மாலை சமையலறைக்குள் நுழைந்தபோது, மேடை எங்கும் ஊதா வெள்ளம் பரந்திருந்தது. பிழியப்பட்ட பழத்தோல்கள் குவிந்து கிடந்தன. நடுவே தலைவன் முழங்கை வரை கறை படிந்து, தேநீர் வடிகட்டியில் விதைகளைத் தேய்த்துக் கழுவிக்கொண்டு நின்றான். ஐம்பத்தேழு விதைகள் தேறின. தண்ணீரில் போட்டதும் பதினாறு மிதந்தன. உள்ளே சத்தில்லாத பதர்கள் அவை என்று ஒதுக்கினான். மூழ்கிய நாற்பத்தொரு வீரர்களும் ஈர மணல் நிரப்பிய டப்பாவுக்குள் புகுந்தனர். டீ வடிகட்டி அன்றோடு குப்பைக்குப் போனது.

டப்பாவை வைக்கும் முன் தலைவன் தன் வீட்டுப் பிரிட்ஜின் கதவைத் திறந்தான், மூடினான், மீண்டும் திறந்தான். கதவு ரப்பர் பிய்ந்து, குளிர் கசிந்து கொண்டிருந்தது. ஊருக்கெல்லாம் குளிர் வழங்கும் கோமான் தன் அரண்மனைக் கதவின் ஓட்டை கண்டு வெகுண்டு, பையைத் திறந்து, புது ரப்பரை எடுத்து, கால் மணி நேரத்தில் மாட்டி முடித்தான். தலைவி இடுப்பில் கை வைத்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“ஏழு மாசமா சொல்றேன், ரப்பர் போயிடுச்சு, பால் கெட்டுப்போகுதுன்னு. எனக்காக மாத்தல. விதைக்காக மாத்தறீங்க.”

தலைவன் திருப்புளியைத் துடைத்தான்.

தொண்ணூறு நாள் முற்றுகை தொடங்கிற்று. காய்கறித் தட்டின் வலக்கோடியில், தெர்மாமீட்டர் என்னும் காவலன் அருகிருக்க, ‘இது உணவு அல்ல’ என்னும் எழுத்துப் பொறித்த டப்பா கொலுவீற்றிருந்தது. காலையும் மாலையும் தலைவன் கதவைத் திறந்து நான்கு டிகிரி என்று கண்டு பெருமூச்செறிந்தான். கதவைத் திறந்து திறந்து பார்த்ததால் அது ஐந்தானதும் உண்டு. நாற்பதாம் நாள் பகைப்படை போல வந்த மைத்துனன், எழுத்தைப் படிக்கும் பழக்கம் இல்லாதவன், டப்பாவில் இருப்பது நாட்டுச் சர்க்கரை என்று கருதி ஒரு கரண்டி எடுத்துக் காபியில் கலக்கிக் குடித்தான். அவன் துப்பிய மணலையெல்லாம் தலைவன் வாஷ்பேசினில் சலித்து, சிறை மீண்ட வீரன் ஒருவனைக் காப்பாற்றி மணலுக்குள் திரும்ப அனுப்பினான். மைத்துனன் பிழைத்தானா என்று அவன் கேட்கவில்லை.

தொண்ணூறாம் நாள் விதைகள் வெளிவந்தன. அங்கேதான் உண்மையான பகை மூண்டது.

ஆறடி நீளமுள்ள அந்தப் பால்கனி, வீட்டில் வெளிச்சம் விழும் ஒரே இடம். தலைவியின் தையல் மெஷின் படுக்கையறைக்கும் சமையலறைக்கும் இடைப்பட்ட இருட்டு நடையில், டியூப்லைட்டின் கீழ் கிடந்தது. நீலத் துணியில் நீல நூல் ஓட்டி ஓட்டி அவள் கண் நொந்திருந்தது. மெஷினைப் பால்கனிக்கு மாற்றுவது என்று முடிவாகி, துணி காயப்போடும் ஸ்டாண்டைக்கூட முந்தின வாரம் அவளே அப்புறப்படுத்தி, தரையைத் துடைத்து வைத்திருந்தாள். அந்தத் துடைத்த தரையில்தான் தலைவன் டேப்பைப் பிடித்து, நாற்புறமும் அளந்து, வெளிச்சம் சமமாய் விழும் நட்ட நடுவைக் கண்டுபிடித்து, மண் தட்டை நிறுவினான். நாற்பத்தொரு விதைகளையும் வரிசை வரிசையாக ஊன்றி, காலண்டர் தாளின் பின்புறம் விதைக்கு ஒரு வட்டமாய் வரைபடமும் போட்டான். அவன் நிமிர்ந்தபோது வாசலில் தலைவி நின்றாள்.

“நல்லா கேட்டுக்குங்க. சீருடைத் துணி வர்றதுக்கு இன்னும் எட்டு வாரம் இருக்கு. அதுக்குள்ள ஒண்ணே ஒண்ணு முளைச்சாலும் பால்கனி உங்களுக்கு, நான் வாயே தொறக்க மாட்டேன். முளைக்கலன்னா தட்டு கீழ போகுது, என் மெஷின் இங்க வருது. என் தம்பிதான் சாட்சி.”

‘ஒன்றென்ன, நாற்பத்தொன்றும் முளைக்கும்! முளைத்து, தழைத்து, இந்தத் தெருவையே நிழலால் மூடும்! தவறுமாயின், இப்பால்கனியில் இனி என் காலடியும் படாது, தோல்வியால் கறுத்த இம்முகத்தைக் கொண்டு என் மைத்துனன் முன் நிற்கவும் மாட்டேன்!’ என்னும் பொருள்பட, “சரி, சரி, பாப்போம்” என்றான் தலைவன்.

பத்து நாள் பொறுத்தான். பூவாளியால் நீர் தெளித்தான், குருவி விரட்டினான், தட்டின் முன் முக்காலி போட்டு அமர்ந்து மண்ணை உற்று நோக்கினான். மண்ணும் அவனை நோக்கியது. ஒன்றும் நடக்கவில்லை.

பதினோராம் நாள் காலையில் தொழில் அவனைத் தூண்டியது. முப்பது ஆண்டுகளாக அவன் கற்ற கல்வி ஒன்றே: ஓடாததைத் திறந்து பார். குளிரவில்லையா, பின்மூடியைக் கழற்று. சத்தம் வரவில்லையா, வயரைப் பிரி. பிரிட்ஜுக்குப் பொருந்தும் நீதி விதைக்குப் பொருந்தாதா என்ன? டெஸ்டரை உருவினான். வரைபடத்தின் முதல் வரிசை முதல் வீரனை மண்ணிலிருந்து நெம்பி எடுத்து, உள்ளங்கையில் கிடத்தி, பிளேடால் இரண்டாகப் பிளந்தான். உள்ளே வெள்ளையாக, ஈரமாக, ஒரு பழுதும் இல்லாமல் இருந்தது. உயிரோடுதான் இருந்திருக்கிறது, அவன் பிளக்கும் வரை.

‘ஒன்று நன்றாயிருந்தால் எல்லாம் நன்றாயிருக்கும்’ என்று மகிழ்ந்தான். மறுநாள், ‘ஒன்றை மட்டும் வைத்து எப்படிச் சொல்வது’ என்று ஐயுற்று இரண்டாவதைப் பிளந்தான். அதுவும் உயிரோடிருந்தது. ஐயம் தீரத் தீர வளர்ந்தது. அந்தோ, களத்தின் கோரம் சொல்லி மாளாது! வலப்புற வரிசை சாய்ந்தது. இடப்புற வரிசை கலைந்தது. கருந்தோல் கவசம் பிளந்து, பால்நிறப் பருப்பு சிதறி, படைத்தலைவனின் கையாலேயே படை முழுவதும் மடிந்த போர் இதற்கு முன் நடந்ததா என்று கேட்டால் அடியேனுக்குத் தெரியாது. இருபத்தெட்டாம் நாள் எடுத்த விதை ஒன்றில் மயிரிழை போல ஒரு வெள்ளை வேர் எட்டிப் பார்த்தது. தலைவன் ஆனந்தக் கூத்தாடி, அதை மண்ணில் பழையபடி புதைத்து, அது நலமாயிருக்கிறதா என்று மறுநாள் தோண்டிப் பார்த்தான். வேர் ஒடிந்திருந்தது.

“ஏங்க, அதைக் கொஞ்சம் சும்மாதான் விடுங்களேன்” என்றாள் தலைவி, இருட்டு நடையிலிருந்து. போட்டியின் எதிர்த்தரப்பு தரும் யோசனையை ஏற்பவன் வீரனா? சில நாள் ஒன்று, சில நாள் இரண்டு. நாற்பதாம் நாள் காலையில் வரைபடத்தில் நாற்பது வட்டங்கள் குறுக்குக் கோடிட்டு அடிக்கப்பட்டிருந்தன. வடகிழக்கு மூலையில் ஒரே ஒரு வட்டம் எஞ்சியிருந்தது.

தலைவன் முக்காலியில் அமர்ந்து அந்த மூலையை நோக்கினான். தான் செய்தது என்னவென்று அவனுக்கு அப்போது கொஞ்சம் புரிந்தது. புரிந்தும் கை டெஸ்டரைத் தேடியது. கூர்முனை மண்ணைத் தொடும் கணத்தில், போன் அலறியது.

“அண்ணே, மருந்துக் கடையிலேர்ந்து பேசறேன். பிரிட்ஜ் நின்னுபோச்சு. ஊசி மருந்தெல்லாம் உள்ள இருக்குண்ணே, உடனே வாங்க!”

ஓடினான். அன்றிலிருந்து கதிரவன் என்னும் கொடுங்கோலன் ஊர்மேல் படையெடுத்தான். தார் உருகியது. ஒவ்வொரு வீட்டிலும் கம்ப்ரஸர்கள் பொருமி, சிணுங்கி, மூச்சடைத்து வீழ்ந்தன. மளிகைக் கடை, கறிக்கடை, பள்ளி விடுதி, மூன்று கல்யாண வீடுகள் என நாற்றிசையும் தலைவனைக் கூவி அழைத்தன. விடியுமுன் புறப்பட்டு, விளக்கு வைத்தபின் திரும்பி, போட்டதைத் தின்று படுத்த இடம் தெரியாமல் உறங்கினான். பதினாறு நாள் அவன் பால்கனிப் பக்கம் தலைவைத்தும் படுக்கவில்லை. தண்ணீர் இல்லாமல் அந்தக் கடைசி விதையும் வெந்திருக்கும் என்று கறிக்கடைக் கூரைமேல் இருந்த கம்ப்ரஸர் அருகே உட்கார்ந்து நினைத்துக்கொண்டான். கேஸ் உருளையின் வால்வைத் திருகினான்.

ஐம்பத்தாறாம் நாள், எட்டு வாரக் கெடு முடிந்த பிற்பகல். சீருடைத் துணி மூட்டைகள் நடையில் மலைபோல் வந்து இறங்கிவிட்டன. சாட்சி சொல்ல மைத்துனனும் வந்து, எதைக் குடிப்பதானாலும் இரண்டு முறை மோந்து பார்த்துவிட்டுக் குடித்துக்கொண்டிருந்தான். தலைவன் நேரத்தோடு வீடு திரும்பினான். பால்கனிப் பக்கம் பார்க்கவில்லை. ‘தோற்றேன்! நாற்பது உயிரைக் கொன்ற பாவி இவன் என்று நாளைய உலகம் நகைக்கட்டும்! வாகை உனதே, வெளிச்சமும் உனதே, வாழ்க நின் கொற்றம்!’ என்று முழங்குவான் போல நிமிர்ந்து, “எனக்குக் கைராசி இல்ல, விடு. மெஷினைத் தூக்கிடலாம்” என்றான். குரல் கொஞ்சம் பிசிறியது. மைத்துனன்கூடச் சிரிக்கவில்லை.

மேசையோடு கூடிய மெஷினின் முன்பக்கத்தைத் தலைவனும் பின்பக்கத்தை மைத்துனனும் பிடித்தார்கள். தலைவி முந்திக்கொண்டு பால்கனிக்குள் போய் நின்றாள்.

“மெதுவா, மெதுவா. இடிச்சிடாதீங்க.”

“மெஷினுக்கு ஒண்ணும் ஆகாது.”

“நான் மெஷினைச் சொல்லல.”

அவள் குனிந்தாள். தட்டின் வடகிழக்கு மூலையில் பழைய சல்லடை ஒன்று கவிழ்ந்திருந்ததை அவன் அப்போதுதான் பார்த்தான். அவள் அதைத் தூக்கினாள். உள்ளே, ஈர மண்ணில், அரை அங்குல உயரத்தில், விதைத்தோலின் ஒரு துண்டு இன்னும் தலையில் ஒட்டியிருக்க, இரண்டு பச்சை இலைகள் நின்றன.

“முளைச்சு நாலு நாளாச்சு” என்றாள்.

“நாலு நாளா? ஏன் சொல்லல?”

“சொன்னா தோண்டிப் பாத்திருப்பீங்க.”

அவள் சொன்னது உண்மை. வெட்கமாக இருந்தது. அதைவிட அதிகமாகச் சந்தோஷமாக இருந்தது. பிறகுதான் மற்றது உறைத்தது: தட்டு ஈரமாக இருக்கிறது. பதினாறு நாள் வெயிலில் யாரோ தண்ணீர் ஊற்றியிருக்கிறார்கள். முளைத்தால் பால்கனி தன்னுடையதல்ல என்று தெரிந்தே, நீலத் துணிமேல் நீல நூலைத் தடவித் தேடிய கண்ணோடு, ஒவ்வொரு காலையும் அவள் ஒரு குவளை தண்ணீர் ஊற்றியிருக்கிறாள். தனக்காக ஒருத்தி தோற்கப் பார்த்தாளே என்று அவனுக்கு அழுகை வந்தது. இரண்டு கையிலும் மெஷின் இருந்ததால் துடைக்க முடியவில்லை.

அப்போது மூண்டதே ஒரு போர், அதற்கு முன் நடந்ததெல்லாம் வெறும் ஒத்திகை!

“பால்கனி உனக்குத்தான். மெஷினை வைக்கிறேன், தள்ளு.”

“முளைச்சிடுச்சில்ல? பேச்சு பேச்சுதான். உங்களுக்குத்தான். உள்ள கொண்டுபோங்க.”

“கண்ணு போயிடும்டி உனக்கு.”

“பரவால்ல. செடி வாடிடும்.”

கொடுத்தே தீருவேன் என்று கோமான் சீற, கொள்ளவே மாட்டேன் என்று கோமகள் சீற, வள்ளன்மை என்னும் வாள் வள்ளன்மையோடு மோதித் தீப்பொறி பறக்க, பக்கத்து மாடிக் கொடியில் துணி உலர்த்தியவர்கள் கிளிப்பைக் கையில் பிடித்தபடி அசைவற்று நிற்க, வாசற்படிக்கு நடுவே அந்தரத்தில் தொங்கிய மெஷினின் சக்கரம் தானாகவே ஒருமுறை சுழன்று நிற்க, வெல்வார் யார் வீழ்வார் யார் என்று திசைகளெல்லாம் திகைத்துச் செவி சாய்த்த அந்தப் பொழுதில், கை வலி பொறுக்காத மைத்துனன் தன் பக்கத்தைக் கீழே வைத்துவிட்டு இடுக்கில் நுழைந்து பால்கனிக்கு வந்து, நட்ட நடுவில் இருந்த தட்டை ஒரு சாண் தள்ளி வைத்தான்.

மெஷினுக்கு இடம் சரியாக இருந்தது.